பூட்டிய அலமாரி

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் ஆசிரியை பேச எழுந்தால் 'நன்றாகப் படியுங்கள்' என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைப்பீர்கள். நானோ இன்று என் தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். பிள்ளைங்க முன்னால சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு அது ஏற்கனவே தெரியும். ஆகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு வட்டாரப் பேச்சுப் போட்டிக்கு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தயார் செய்தேன். தலைப்பு, 'நூலகத்தின் பயன்'. உரையை நானே எழுதிக் கொடுத்தேன். எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதுகூட அந்தத் தாளில் சிவப்பு மையில் இருந்தது. பிள்ளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். கோப்பை கிடைத்தது. திரும்பி வரும்போது வேனில் அந்தக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"டீச்சர், நம்ப ஸ்கூல் லைப்ரரி மட்டும் ஏன் டீச்சர் எப்பவும் பூட்டியே இருக்கு?"

"அதப் பத்தி அப்புறம் பேசலாம்மா" என்று சொல்லிவிட்டு, வெளியே செம்பனை மரங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். சாவி என் மேசை இழுப்பறையில் அல்லவா இருந்தது!

நம் நூலகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைக்கோடி அறை. பாதி இடத்தில் உடைந்த நாற்காலிகளும் விளையாட்டுச் சாமான்களும். சுவரோரம் இரண்டு கண்ணாடி அலமாரிகள். உள்ளே மு. வரதராசனார் இருக்கிறார், தெனாலிராமன் இருக்கிறார், பைண்டு செய்த பழைய அம்புலிமாமா இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற பயத்தில் நான் பூட்டி வைத்தேன். பிள்ளைகளோ வாசிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதற்காக, வீட்டில் கிடந்த ஒரே கதைப் புத்தகத்தின் பெயரைச் சுற்றிச் சுற்றி எழுதினார்கள். அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இவ்வாண்டுத் தொடக்கத்தில், அந்த அறையை முழுவதுமே சாமான் அறையாக்கிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

என் பயம் புதியதன்று. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூலகப் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். இந்த மனப்பான்மையை எதிர்த்து வாழ்நாள் முழுதும் வாதாடியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து நூலாக வெளியிட்டார். புத்தகம் என்பது எடுத்துப் பயன்படுத்தத்தான், காத்து வைக்க அல்ல என்பது அவற்றில் முதலாவது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவரும் இவர்தான். பொது நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று 1930இலேயே மாதிரி எழுதிக் கொடுத்தார். சென்னையில் அது சட்டமானது 1948இல். இத்தனையும் வாதாடிப் பெற்ற மனிதருக்கு இளமையில் திக்குவாய்! இதைச் சொன்னபோது அந்த மாணவி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவங்க பெரிய ஆளுங்க டீச்சர். நம்ப தோட்டத்து ஆளுங்க" என்றாள்.

அப்போதுதான் 1950களின் கதையைச் சொன்னேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை 1956இல் தொடங்கியது. அங்கே தமிழுக்கு இடம் வேண்டும், தமிழ் நூல்கள் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாதவர்கள், அங்கே யாரோ ஒரு பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்த வெள்ளி அது. அதே பத்திரிகை மாணவர் மணிமன்றம் நடத்திப் பிள்ளைகளை எழுதவும் பேசவும் பழக்கியது. நாங்கள்தான் இடையிலே பேச்சு என்றால் மனப்பாடம் என்று ஆக்கிவிட்டோம்.

இந்த முறை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அலமாரியைத் திறந்துவிட்டு, "முதல்ல எண்ணு" என்று மட்டும் சொன்னேன். மூன்று நாள் தும்மிக்கொண்டே எண்ணினாள். வீடு வீடாகப் போய் யார் யார் படிப்பார்கள் என்று பெயர் வாங்கி வந்தாள். பிறகு திங்கட்கிழமைச் சபைகூடலில் பேச நிறுத்தினேன். "அவையோர்க்கு என் முத்தான வணக்கம்" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை. அழுதுவிட்டாள். பழைய பழக்கம். ஒப்பிக்கத் தாள் இல்லாமல் நிற்க நாங்கள் எங்கே கற்றுக் கொடுத்தோம்? "அம்மாகிட்ட பள்ளிச் சட்டை கேக்கற மாதிரி கேளும்மா" என்றேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அப்படியே கேட்டாள். "ரூம எடுத்துராதீங்க. வாரத்துல ரெண்டு நாள் ஓய்வு நேரத்துல தொறந்து விடுங்க. நாங்களே பேர் எழுதிக் குடுக்கறோம்." அவ்வளவுதான். கையை எங்கும் உயர்த்தவில்லை.

பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நியாயமான கேள்விதான் கேட்டார். "ஏம்மா, புத்தகம் தொலைஞ்சா யார் பொறுப்பு?"

"தொலைஞ்சா யாரு எடுத்தாங்கன்னு நோட்டுல இருக்கும் மாமா. பூட்டி வெச்சதுல பதினோரு புத்தகத்தக் கறையான் தின்னுருச்சி. அதுக்கு யாரு மாமா பொறுப்பு?"

யாரும் பேசவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டவரே முதலில் சிரித்தார். மறுவாரம் பாசிர் கூடாங்கிலிருந்து பழைய பலகைகள் கொண்டு வந்து ஓர் அலமாரி அடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

எல்லாம் கூடிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த அறையில் பாதி இன்னமும் சாமான்தான். இரண்டு புத்தகங்கள் தொலைந்திருக்கின்றன; ஒன்று மழையில் நனைந்து உப்பி வந்தது. ஆனால் புதன், வெள்ளி இரு நாளும் கதவு திறந்திருக்கிறது. சாவி இப்போது என்னிடம் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் முறை வைத்துக்கொள்கிறார்கள். சென்ற வெள்ளிக்கிழமை அந்த மாணவி நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். நான் எடுத்துப் போன மு.வ. நாவலுக்குத் தவணை முடிந்து இரண்டு வாரமாம். என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள். வரும் புதன்கிழமை கொண்டு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.