கண்ணாடித் தொட்டியிற் காணா உயிர்கள்



நம் வீடுகள் பலவற்றில் இன்று கண்ணாடித் தொட்டியொன்றில் வண்ணமீன்கள் நீந்துவதைக் காண்கின்றோம். நாளெல்லாம் உழைத்துக் களைத்து வருவோருக்கு அக்காட்சி ஆறுதல் தருகின்றது. சிறுவர்க்கோ அது வியப்பின் ஊற்று. ஆயினும், புதிதாகத் தொட்டி அமைத்தோரிற் பலர் முதல் மாதத்திலேயே மீன்களை இழந்து, தமக்கு மீன் வளர்க்கும் கைராசி இல்லை என்று கூறித் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகின்றனர். கைராசிக்கும் இவ்விழப்புக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அதன் காரணம் யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பன பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

என் பிழையிலிருந்தே தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், என் மகளின் பிறந்த நாளுக்காக, அறுபது இலீற்றர் கொள்ளும் தொட்டியொன்றை யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் வீட்டில் அமைத்தேன். வாங்கி வந்த அன்றே பரற்கற்களை அலசி இட்டு, கிணற்றுநீர் நிரப்பி, பஞ்சு வடிகட்டியைக் காற்றுப் பம்பியுடன் இணைத்து, மாலையிலேயே பன்னிரண்டு கப்பி மீன்களை விட்டேன். நீர் பளிங்குபோல் இருந்தது. மூன்றாம் நாள் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து திணறின. ஐந்தாம் நாள் இரண்டு இறந்தன. பத்தாம் நாள் முடிவதற்குள் ஒன்றும் எஞ்சவில்லை.

"தண்ணீர் இவ்வளவு தெளிவாய் இருக்கிறதே அப்பா, மீன்கள் ஏன் செத்தன?" என்று மகள் கேட்டாள். விடை கூற அறியாத நான், தொட்டியில் ஏதோ அழுக்கு இருந்திருக்க வேண்டும் என எண்ணினேன். பரற்கற்களையும் பஞ்சையும் வெந்நீரில் அலசி வெயிலிற் காயவைத்தேன். கண்ணாடியைத் தேய்த்துக் கழுவினேன். மீண்டும் மீன்கள் வாங்கினேன். அவையும் அவ்வாறே இறந்தன.

எங்கள் அயலில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். நிகழ்ந்ததை அவரிடம் கூறினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, தொட்டியையா கழுவினீர்? அதற்குள் குடியேறத் தொடங்கியிருந்த உயிர்களையல்லவா கழுவி ஊற்றிவிட்டீர்!" என்றார். அன்று அவர் விளக்கியவற்றையும் பின்னர் நான் கற்றவற்றையுமே உங்கள் முன் வைக்கின்றேன்.

மீன் உண்ணும் உணவிற் புரதம் உண்டு. புரதத்தில் நைதரசன் உண்டு. உடலுக்கு வேண்டாத நைதரசனை மீன் பெரும்பாலும் அமோனியாவாகத் தன் செவுள்களின் வழியே நீரில் விடுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அமோனியாவே உண்டாகின்றது. குளத்திலும் ஆற்றிலும் இது பெருநீரிற் கலந்து, பூண்டுகளாலும் நுண்ணுயிர்களாலும் ஏற்கப்பட்டுவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள்ளோ அது தங்கிப் பெருகும். அமோனியா நிறமற்றது; ஆதலின் நீர் தெளிவாகவே தோன்றும். தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை நாம் முதலில் உணர்தல் வேண்டும்.

நீரின் தன்மைக்கேற்ப அமோனியாவின் கொடுமையும் மாறும். நீரிற் கரைந்த அமோனியாவில் ஒரு பங்கே மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். 25 பாகை செல்சியசு வெப்பநிலையில், பீ.எச். பெறுமானம் 7 ஆயின் அப்பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 8 ஆயின் நூற்றில் ஐந்துக்கும் மேல். சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. ஆகவே, இங்கே சிறிதளவு அமோனியாவும் பெருந்தீங்கு செய்ய வல்லது.

இந்நஞ்சை நீக்குவோர் கண்ணாற் காணமுடியாத நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அமோனியாவை ஒட்சிசனுடன் சேர்த்து நைத்திரைற்று ஆக்குகின்றது. நைத்திரைற்றும் நஞ்சே. அது மீனின் குருதியிற் புகுந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினைப் பயனற்றதாக்கிவிடும். செவுள்கள் கபில நிறம் அடையும். காற்றுக் குமிழிகள் நிறைந்த நீரிலேயே மீன் மூச்சுமுட்டி இறக்கும். மற்றொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்று ஆக்குகின்றது. நைத்திரேற்று மிகுதியாகச் சேர்ந்தாலன்றி மீனுக்குப் பெருந்தீங்கு செய்யாது. நீர்ப்பூண்டுகளுக்கோ அஃது உணவு. இத்தொடர் நிகழ்ச்சி நைதரசன் வட்டத்தின் ஒரு பகுதியாகும்.

இவ்வறிவு மனிதனுக்குக் கிட்டிய வரலாறும் சுவையானது. இலண்டன் மாநகரில் வாழ்ந்த இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்ரன், கண்ணாடிப் பாத்திரமொன்றில் இரண்டு பொன்மீன்களையும் வலிசுனேரியா என்னும் நீர்ப்பூண்டையும் நத்தைகளையும் ஒருங்கே வளர்த்து, தாம் கண்டதை 1850ஆம் ஆண்டில் வெளியிட்டார். பூண்டு ஒட்சிசனைத் தரும். நத்தை அழுகிய இலைகளை உண்ணும். இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும் என்பது அவர் கருத்து. ஆனால் அத்தொட்டியில் அவர் கண்ணுக்குப் படாத வேறோர் உழைப்பாளர் கூட்டமும் இருந்தது.

1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், முன்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணல் நிறைந்த குழாயொன்றினூடாகக் கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். சில வாரங்களின் பின்னரே அதிலிருந்த அமோனியா நைத்திரேற்றாக மாறத் தொடங்கியது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியபோது அம்மாற்றம் நின்றது. ஆகவே இஃது உயிர்களின் வேலை என்பது தெளிவாயிற்று. அவ்வேலை ஈரடுக்கினது என்பதை ஆராய்ந்து காட்டியவர்களுள் ஒருவர், றொதாம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்திற் பணியாற்றிய மற்றொரு றொபேட் வாரிங்ரன். முன்னவரின் மைந்தரே அவர். தந்தையின் தொட்டியிற் காணாதிருந்த பாதியை மகன் வயல்மண்ணிற் கண்டார் எனலாம். ஏறத்தாழ அதே காலத்தில், 1890ஆம் ஆண்டளவில், வினோகிராட்ஸ்கி என்னும் இரசிய அறிஞர் இவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்து வளர்த்தார். இரு கட்டங்களையும் தானொன்றே செய்து முடிக்கும் நுண்ணுயிரும் உண்டென்பது 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அந்த மணற்குழாய் சில வாரங்கள் வாளாவிருந்ததை மறவாதீர்கள். புதிய தொட்டியின் கதையும் அதுவே. சாதாரண பற்றீரியாக்கள் பல, அரைமணி நேரத்துள்ளேயே இரட்டிப்பவை. நம் தொட்டிக்கு வேண்டியனவோ மெல்ல வளர்பவை. ஒருமுறை இரட்டிக்கப் பல மணி நேரமும், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகும். ஆதலின் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அவை நீரில் மிதந்து திரிவதிலும் பார்க்க, வடிகட்டியின் பஞ்சிலும் பரற்கற்களிலும் ஒட்டி வாழ்வதே மிகுதி. அவற்றைத்தான் நான் வெந்நீரில் அழித்தேன்.

இனிச் செய்யவேண்டியது யாது? மீன்களை விடுமுன்னரே அந்நுண்ணுயிர்களைக் குடியேற்ற வேண்டும். தொட்டியில் நீர் நிரப்புங்கள். நகரக் குழாய்நீராயின் அதில் குளோரீன் இருக்கும். கிருமிகளைக் கொல்லும் அது நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களையும் கொல்லும். குளோரீன் நீக்கும் மருந்தை இடுங்கள், அல்லது திறந்த பாத்திரத்தில் காற்றூட்டி ஒரு நாள் வையுங்கள். குளோரமீன் சேர்க்கப்பட்ட நீராயின் வைத்திருத்தலாற் பயனில்லை, மருந்தே வேண்டும்.

பின்னர் வடிகட்டியை இரவுபகல் ஓடவிட்டு, மீனில்லாத தொட்டிக்கு அமோனியாவை ஊட்டுங்கள். இலீற்றருக்கு 2 மில்லிகிராம் போதுமானது. அமோனியங் குளோரைட்டு கிடைக்குமாயின், அறுபது இலீற்றர் நீருக்கு ஏறத்தாழ 0.4 கிராம் அவ்வளவைத் தரும். கிடைக்காதவர்கள் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இடலாம். அஃது அழுகி அமோனியாவாகும். நலமுடைய மீன்கள் வாழும் பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு பெற முடியுமாயின், தயிருக்கு உறையிடுவதுபோல அதனை இடுங்கள். காத்திருக்கும் காலம் பெரிதும் குறையும்.

சோதனைத் துளிகளைக்கொண்டு நீரை அடிக்கடி அளந்து பாருங்கள். முதலில் அமோனியா ஏறும். அது இறங்கும்போது நைத்திரைற்று ஏறும். பின்னர் அதுவும் இறங்க, நைத்திரேற்று தோன்றும். அமோனியாவை 2 மில்லிகிராமுக்கு உயர்த்திய பின் இருபத்துநான்கு மணி நேரத்துள் அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாதொழியுமாயின், தொட்டி ஆயத்தமாகிவிட்டது. மீன் விடுமுன் நீரிற் பெரும்பகுதியை மாற்றுங்கள். மென்மையான நீரில் இம்மாற்றம் நிகழ நிகழப் பீ.எச். தாழ்ந்து வேலை தடைப்படக்கூடும். சிறிது சிப்பி ஓட்டை இடுவது அதனைத் தடுக்கும்.

ஏற்கெனவே மீன்களை விட்டுவிட்டோர் மனந்தளர வேண்டா. உணவைக் குறையுங்கள். நாள்தோறும் அளந்து பார்த்து, அமோனியாவோ நைத்திரைற்றோ தோன்றினால், குளோரீன் நீக்கிய நீரைக்கொண்டு காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை மாற்றுங்கள். வடிகட்டியை மட்டும் தொடாதீர்கள். பின்னர் அதனைத் துப்புரவு செய்ய நேரும்போது, தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரிலேயே பஞ்சை மெல்லப் பிழிந்தெடுங்கள். குழாயின்கீழ் பிடிக்க வேண்டா.

2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. வடிகட்டி நின்றால் அதிலுள்ள நுண்ணுயிர்களும் ஒட்சிசன் இன்றித் தவிக்கும். அந்நேரங்களில், மூடிய வடிகட்டியின் பஞ்சைத் திறந்த தொட்டிநீரில் இட்டுவைத்து, நீரைக் கிண்ணத்தால் அள்ளி ஊற்றிக்கொண்டிருத்தல் மீனுக்கும் நுண்ணுயிருக்கும் ஒருங்கே உதவும்.

எங்கள் மூன்றாவது முயற்சியில் இவ்வாறே செய்தோம். "மீனில்லாத தொட்டிக்கு ஏன் அப்பா சாப்பாடு போடுகிறீர்கள்?" என்று கேட்ட மகள், விடையை அறிந்தபின் தானே பொறுப்பேற்றாள். சோதனைக் கண்ணாடிக் குழாயிற் கண்ட நிறத்தை நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதினாள். ஒருநாள், தொட்டியில் இடுமுன்னரே கிணற்றுநீரையும் அளந்தாள். அதில் நைத்திரேற்று மிகுந்திருந்தது!

நேயர்களே, இது மீனோடு முடியும் செய்தி அன்று. தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளின் கசிவாலும் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, மீனுக்குச் செய்த அதே தீங்கைக் குழந்தையின் குருதிக்கும் செய்யக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். நாங்கள் எங்கள் கிணற்றுநீரை முறைப்படி ஆய்வுகூடத்திற் சோதிப்பித்தோம். கைக்குழந்தை உள்ள வீட்டார் யாவரும் அவ்வாறு செய்தல் நன்று.

முப்பத்தாறாம் நாள், கொப்பியின் இரண்டு நிரல்களிலும் சுழியம் விழுந்தது. அயலூர் அன்பர் ஒருவர் சேமித்த மழைநீரைத் தந்துதவ, அதனைக் கிணற்றுநீருடன் கலந்து தொட்டிநீரை மாற்றினோம். பின்னர் நான்கே நான்கு செரி பார்ப் மீன்களை விட்டோம். அவை இலங்கையின் மழைக்காட்டு நீரோடைகளுக்கே உரியவை. 1929ஆம் ஆண்டில் தெரணியகல என்னும் நம் நாட்டு அறிஞர் விவரித்துப் பெயரிட்டவை. இரு வாரங்களின் பின் வேறு நான்கு. சிறிது சிறிதாகச் சேர்த்தால், நுண்ணுயிர்களும் அதற்கேற்பப் பெருக இடமுண்டு.

அவற்றில் ஒன்றும் அம்மாதத்தில் இறக்கவில்லை. முன்னர் இறந்த மீன்களை முற்றத்து மாமரத்தடியிற் புதைத்த என் மகள், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எட்டு மீன்களை வரைந்தாள். அவற்றின் கீழே சிறு புள்ளிகள் பலவற்றையும் இட்டாள். அவை யாவை என்று கேட்டேன். "அவைதான் அப்பா, முதலில் வந்து குடியிருந்தவை" என்றாள்.

புதிதாகத் தொட்டி அமைக்கும் அன்பர்களே, முதலில் வரவேண்டியவர்கள் வந்து சேரட்டும். அதுவரை பொறுத்திருங்கள்.