கல்லை நகர்த்துவது யார் வேலை?



"விவிலியம் நமக்குப் பெரிதும் கற்பிப்பது நம்பிக்கையா? செயலா?" இதுதான் தலைப்பு. செயலே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி லாசர் கதையைச் சொன்னார். செத்து நாலு நாள் ஆன மனுஷனை இயேசு பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அவர் எழுந்து வந்தார். இதிலே மனுஷன் செயல் எங்கய்யா இருக்குன்னு என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கேட்டார். கைதட்டலும் வாங்கிட்டார். ஆனா தம்பி, நீங்க பாதிக் கதையிலிருந்து ஆரம்பிச்சுட்டீங்களே! அதுக்கு முன்னாடி என்ன நடந்தது? கல்லறை வாசலில் ஒரு கல் கிடந்தது. அதை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார் இயேசு. ஏன்யா, செத்தவனையே எழுப்பப் போறவருக்கு ஒரு கல்லை நகர்த்தவா தெரியாது? (சிரிப்பு)

தெரியும். ஆனால் செய்யவில்லை. உயிர் கொடுப்பது அவர் வேலை. கல்லைத் தள்ளுவது நம்ம வேலை. நம்மால் முடியாததை அவர் நம்மிடம் கேட்கவில்லை. நம்மால் முடிந்ததை நமக்காகச் செய்து கொடுக்கவும் இல்லை. (கைதட்டல்)

கானாவூர்க் கல்யாணத்தை எடுத்துக்குங்க. தண்ணீர் திராட்சை இரசமாக மாறியது அற்புதம். மறுக்கலை. ஆனால் அந்த ஆறு கற்சாடிகளையும் விளிம்பு வரை நிரப்பியது யார்? வேலைக்காரர்கள். அந்தக் காலத்தில் குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுச்சு? இறைத்துச் சுமந்தவன் தோளைக் கேட்டால்தான் அந்த அற்புதத்தின் பாரம் தெரியும்!

அந்தத் தங்கச்சி பெந்தெகொஸ்தே நாளைச் சொன்னாங்க. சீடர்களுக்குப் படிக்காமலேயே பல மொழிகள் வந்தன என்றார்கள். சரி. ஆனால் நம்ம ஊருக்கு வந்தவர்களுக்கு அப்படி வரவில்லையே அம்மா! 1606-இல் இதே மதுரைக்கு வந்தார் இத்தாலிக்காரர் ராபர்ட் டி நொபிலி. தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். காவி உடுத்தினார். மரக்கறி உணவுக்கு மாறினார். தமிழையும் வடமொழியையும் ஆசிரியரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். ஜெபம் பண்ணிய இரவோடு இரவாகத் தொல்காப்பியம் வந்து நாக்கில் உட்காரவில்லை.

சரியாக நூறு வருஷம் கழித்து, 1706-இல், தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் ஜெர்மானியர் சீகன்பால்கு. வயசு இருபத்து மூணு, இருபத்து நாலு இருக்கும். அந்த வாலிபர் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலை வைத்து அ, ஆ எழுதிப் பழகினார். 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்சு பெரிசாக இருந்தது. அதில் அடித்தால் காகிதம் கட்டுப்படி ஆகாது. என்ன செய்தார்கள்? சின்ன எழுத்துகளாகப் புதிதாக வார்த்தார்கள். 1715-இல் புத்தகம் முழுமையாக வெளிவந்தது. வேதத்தை நம்புவது ஒரு பக்கம். அந்த வேதம் தமிழன் கைக்கு வந்து சேர எத்தனை விரல் தேய்ந்திருக்கிறது பார்த்தீர்களா? (கைதட்டல்)

1719-இல், முப்பத்தாறு வயதில் அவர் இறந்துபோனார். பழைய ஏற்பாட்டில் ரூத் என்ற பகுதி வரைக்கும்தான் மொழிபெயர்த்திருந்தார். மிச்சத்தை முடித்தவர் பின்னால் வந்த ஷுல்ட்ஸ். நடுவர் அவர்களே, சீகன்பால்கு நிறுத்திய இடம் இருக்கிறதே, அந்த ரூத் கதைதான் என் கட்சிக்குச் சாட்சி.

ரூத் ஒரு விதவை. வேற்று நாட்டுப் பெண். புருஷன் செத்த பிறகும் மாமியாரை விட்டுப் போக மாட்டேன் என்று பின்னாலேயே பெத்லகேமுக்கு வந்தவள். (நம்ம வீட்டு மருமகள்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேட்கலாம்!) கையில் காசில்லை, நிலமில்லை. அறுவடைக் காலம். அடுத்தவர் வயலுக்குப் போய்ச் சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். நிலத்துக்காரர் போவாஸ், அவளுக்காகவே கொஞ்சம் கதிரை உருவிக் கீழே போடச் சொல்லித் தன் ஆட்களிடம் சொல்லி வைத்தார். சாயங்காலம் வரை பொறுக்கினாள், அடித்தாள், தூக்கிக்கொண்டு போய் மாமியாருக்குக் கொடுத்தாள்.

கீழே விழுந்த கதிர் கடவுளின் அருள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதிர் அவள் மடியில் வந்து விழவில்லை! குனிந்தவளுக்குத்தான் கிடைத்தது. (பலத்த கைதட்டல்)

நான் மேலூர்ப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் கதிர் பொறுக்கிய பெண்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வயல் விளைந்ததே எப்படி? மலையில் மழை பெய்தது. அது மேற்கே ஓடிக் கடலில் கலந்தது. மழைக்காக நம்ம ஆட்கள் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் 1887-இல் வேலையைத் தொடங்கி, வெள்ளத்தில் கட்டியது அடித்துப் போனாலும் திரும்பக் கட்டி, மலையைக் குடைந்து, 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்பிய பிறகுதான் எங்கள் வயலுக்கு அது வந்தது. பென்னிகுக் பெயரை இன்றும் எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். மழை அங்கிருந்து வந்தது. வாய்க்காலை மனுஷன்தான் வெட்ட வேண்டியிருந்தது.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. நான் நாலாவது படிக்கும்போது என் தங்கச்சிக்கு விஷக் காய்ச்சல். ஒன்பது நாள். என் அப்பத்தா மாரியாத்தாளுக்கு நேர்ந்து, நூல் கட்டி, "ஆத்தா பாத்துக்குவா"ன்னு உட்கார்ந்திருக்கு. எங்கப்பாவுக்கு என்ன செய்றதுன்னு தெரியலை. பிள்ளை கண்ணைத் திறக்கலை. பக்கத்து வீட்டில் ஒரு டீச்சரம்மா. கிறிஸ்தவர். அவங்க வந்தாங்க. தங்கச்சி நெத்தியில் கையை வைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணினாங்க. முடித்த கையோடு, "வண்டியைப் பூட்டச் சொல்லுங்க, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னாங்க.

அப்பத்தா கேட்டுச்சு: "ஏம்மா, உங்க சாமிகிட்டதான் சொல்லிட்டியே, பெறகு ஆஸ்பத்திரி எதுக்கு?"

டீச்சரம்மா சொன்னாங்க: "சொன்னதுனாலதான் ஆத்தா போறேன். சாமி நமக்குக் கொடுக்கும்போது வாங்குறதுக்கு நாம அங்க இருக்க வேணாமா?"

இரண்டு மைல் மாட்டு வண்டி. அப்புறம் பஸ். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வழியெல்லாம் அவங்க உதடு முணுமுணுத்துக்கிட்டே இருந்தது. ஜெபத்தையும் விடலை, ஈரத்துணியை நெத்தியில் மாத்திப் போடுறதையும் விடலை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. நம்பிக்கை இல்லையென்றால் அந்த அம்மா அந்த வண்டியிலேயே ஏறியிருக்க மாட்டார்கள். ஆனால் என் அப்பத்தாவிடமும் நம்பிக்கை இருந்ததே! அன்றைக்கு அந்த வீட்டில் இல்லாமல் இருந்தது எழுந்து போகிற கால்தான். நம்பிக்கையையும் செயலையும் பிரித்தால் என்ன மிஞ்சும் என்று விவிலியத்திலேயே யாக்கோபு எழுதுகிறார்: உயிர் போன உடம்பு.

போன மாதம் என் தங்கச்சி தன் மகளுக்குக் கல்யாணம் செய்தாள். முதல் பத்திரிகை குலசாமிக்கு வைத்தோம். இரண்டாவது பத்திரிகையை எடுத்துக்கொண்டு அந்த டீச்சரம்மா வீட்டுக்குப் போனோம்.

ஆகவே நடுவர் அவர்களே, அற்புதம் கடவுள் கையில் இருக்கலாம். கல் நம் கையில் இருக்கிறது. அதை நகர்த்தச் சொல்லித் தருவதுதான் விவிலியம் என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)