கடலூர் காத்த இரகசியம்

ஆணுடை பூண்டு ஆணாகவே வாழ்ந்த பண்டை மகளிரை உலகம் இன்று எவ்வாறு நினைவுகூர்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஒரு வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இங்கிலாந்தில் வூஸ்டர் நகரில் 1723இல் பிறந்தவர் ஹன்னா ஸ்னெல். கைவிட்டுச் சென்ற கணவனைத் தேடப் புறப்பட்டவர், ஜேம்ஸ் கிரே என்னும் பெயரில் கப்பற்படை வீரரானார் என்பர். 1748இல் பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அவரும் அப்படையில் இருந்தார். மதிலுக்குள்ளே ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிவந்த காலம் அது. முற்றுகை தோற்றது. போரில் ஸ்னெல் கால்களில் காயமுற்றார்.

1750இல் தாயகம் மீண்டதும் உண்மையைத் தாமே தோழர்களிடம் உரைத்தார். அவ்வாண்டே அவர் வரலாறு நூலாக வெளிவந்தது. சீருடையோடு மேடையேறிப் பாடினார். செல்சீ முதுபடைவீரர் இல்லம் ஓய்வூதியம் அளித்தது. பின்னர் மறுமணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1792இல் மறைந்தார்.

இன்று அவரை வீராங்கனை என்று போற்றுவார் சிலர்; ஆண் பெண் என்னும் வரம்பைக் கடந்த முன்னோடி என்பார் வேறு சிலர். படைக் குறிப்பேடுகளோடு ஒப்பிட்ட ஆய்வாளரோ, நூலில் மிகை மலிந்துள்ளது என்பர். எப்பெயரால் அழைப்பினும், அவர் தம்மைப்பற்றித் தாமே கூறியதற்கு முதலிடம் தருதலே முறை என்பது எம் கருத்து.

ஆனால், இந்நினைவில் ஒரு குறை உண்டு. கடலூர் மருத்துவமனையில், தம் உடலிற் பாய்ந்த குண்டொன்றை மருத்துவரிடம் காட்டாது ஸ்னெல் தாமே அகற்றினார் என்றும், கறுப்புப் பெண் ஒருத்தி மட்டும் இரகசியமறிந்து, களிம்பும் துணியும் கொணர்ந்து உதவினாள் என்றும் அந்நூல் கூறுகிறது. அவள் நம் நாட்டவளாகவே இருத்தல் கூடும். மறைத்தவர் பெயரை வரலாறு பொறித்தது. அம்மறையைக் காத்தவள் பெயரை எழுதவில்லை. அவள் ஒரு சொல் சொல்லியிருப்பின், ஜேம்ஸ் கிரேயின் கதை கடலூரிலேயே முடிந்திருக்கும்.

பிழைப்பு நாடிப் பிற மாநிலத்தில் வாழும் நமக்கு, முன்பின் அறியாதார் செய்யும் உதவியின் அருமை நன்கு தெரியும். ஆகவே, ஸ்னெல்லை நினைக்கும்போது அப்பெயரறியாப் பெண்ணையும் உடன் நினைப்போமாக.