கூனும் நிமிர்வும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை முதலிய நமது ஊர்களில் தோலை நம்பிப் பிழையாத குடும்பங்கள் சிலவே. கட்டைமேல் தோலை விரித்துக் குனிந்து சதை வழித்தனர் நம் பாட்டனார். இன்று நம் பெண்மக்கள் ஷூ கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின்முன் குனிந்திருக்கின்றனர். கருவி மாறிற்று, குனிவு மாறவில்லை.

எம் இல்லத்து மருமகள் ஒருத்தி மாலையில் வேலை விட்டு வந்ததும் சுவரைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்பாள். யாம் அதனைச் சோம்பல் என்றே எண்ணியிருந்தோம். அஃது எமது பிழை. 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி என்பார், தையற்காரரும் செருப்புத் தைப்போரும் ஓயாது குனிந்திருப்பதால் முதுகு வளைவதைத் தமது நூலில் எழுதியுள்ளார்.

நாமோ, "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டுகிறோம். பெண் நிமிர்ந்து நடந்தால் அடக்கமில்லை என்கிறோம். ஒரே வாயால் இரண்டையும் சொல்லுதல் நியாயமா? அதட்டலால் கூன் நிமிராது. நாள்தோறும் குனிவதால் மார்புத் தசைகள் இறுகுகின்றன. மேல்முதுகின் தசைகள் பலமிழக்கின்றன. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள தலை முன்னே சாயச் சாயக் கழுத்தின் பாரம் பன்மடங்காகிறது. ஆதலின் முன்புறத்தை நீட்டவும் பின்புறத்தை உரப்படுத்தவும் வேண்டும்.

வாசல் நிலையின் இருபுறமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து, மார்பு இழுபடுமளவு சாய்ந்து 30 விநாடி நிற்க. பின்பு பாயில் குப்புறப் படுத்து, கைகளைப் பக்கங்களில் வைத்து, மோவாயை உள்ளிழுத்து, தலையையும் மார்பையும் சிறிதே உயர்த்தி, தோள்பட்டைகளைப் பின்னே நெருக்கி 5 விநாடி நிறுத்துக. இவ்வாறு 10 முறை, மூச்சை அடக்கலாகாது. ஒரு வாரத்தில் பயன் தேடுவோர் ஏமாறுவர். இரண்டு மூன்று மாதமேனும் விடாது செய்யவேண்டும்.

பகலெல்லாம் குனிந்திருந்துவிட்டு இரவில் கால்மணி நேரம் நிமிர்ந்தால் போதுமா? போதாது. அரைமணிக்கொருமுறை எழுந்து தோள்களைச் சுழற்றவேண்டும். நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. உட்கார்ந்தே இருப்போர் எழுந்து நிற்பதற்கு மேஸ்திரியிடம் நாமே கேட்டாக வேண்டும்; கணக்குக் குறையுமென்று அவர் முகம் சுளித்தாலும் கேட்கவேண்டும்.

கை கால் மரத்தாலும் வலுவிழந்தாலும் அப்பியாசத்தை நிறுத்தி வைத்தியரிடம் செல்க. முதியோரின் கூன் எலும்புத் தேய்வால் வந்ததாகவும் இருக்கலாம். அதனை வலிந்து நிமிர்த்தலாகாது. விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தே சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1966-இல் மறுவாழ்வு நிலையம் தோற்றுவித்த வேலூர் நமக்கு அருகிலேயே உள்ளது.

வரும் ஞாயிறு காலையில் சங்கக் கட்டடத்தில் இவ்வப்பியாசங்களைச் செய்து காட்டுவோம். பெண்களுக்குத் தனியறை உண்டு. பாய் கொண்டு வருக.