இரண்டு கிலோ கடன்



இந்த விவசாயிகள் கூட்டத்தில் பேச 'நம்பிக்கை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கதிர் வந்த நெல்லைத் தண்ணீரில் பறிகொடுத்தவரிடம் போய் "நம்பிக்கையோடு இருங்கள் ஐயா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினக் கரையோரத்தில் கடல் வீட்டுக்குள்ளும் வந்தது, வயலுக்குள்ளும் வந்தது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. விவசாயிகள் என்ன செய்தார்கள்? வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, வளர்ந்ததும் மடக்கி உழுதார்கள். நெல்லைப் போல அறுத்து மூட்டை கட்டி விற்கிற பயிரா அது? தங்கள் வீட்டு உலை கொதிக்குமா என்று தெரியாத நேரத்தில் மண்ணுக்கு முதல் பந்தி வைத்தார்கள்! இதைத்தான் மன உறுதி என்று புத்தகம் போட்டு விற்கிறார்கள்.

சரி, உப்பைத் தாங்கும் நெல் எங்கே? களர்ப்பாலை, குழியடிச்சான் என்று நம் முன்னோர் வைத்திருந்தார்கள். ஆனால் பல ஊர்களில் விதை அற்றுப் போயிருந்தது. அந்த விதைகளைத் தேடி அலைந்தவர் நெல் ஜெயராமன். 2003இல் இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடந்தாரே, அந்த நடையில் கூடப் போனபோது பிடித்த பித்து அது. 2006இல் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ஜெயராமன் நெல் திருவிழா தொடங்கினார். சட்டம் ஒன்றே ஒன்று: இரண்டு கிலோ விதை வாங்கிப் போ, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகக் கொண்டு வா.

நூற்றுக்கு நூறு வட்டி! கந்துவட்டிக்காரர்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மழை பொய்த்தாலும், மனம் விட்டுப்போனாலும், விதைத்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு அந்த நான்கு கிலோவுக்கு ஒருவர் காத்திருக்கிறார். தனக்காக எழ முடியாதவன்கூட, கொடுக்க வேண்டியது ஒன்று இருந்தால் எழுந்துவிடுகிறான். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் 170க்கும் மேற்பட்ட ரகங்கள் திரும்ப வயலுக்கு வந்தன.

2018 நவம்பர் 16, கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தது உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது ஜெயராமன் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்தார். டிசம்பர் 6ஆம் தேதி போய்விட்டார். கொடுத்தவர் இல்லையே என்று கடன் நின்றதா? அடுத்த ஆண்டும் திருத்துறைப்பூண்டியில் திருவிழா கூடியது. வாங்கியவர்கள் வந்தார்கள்.

மேடைக்கு வலப்பக்கம் விதைப் பைகள் இருக்கின்றன. பெயர் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். என்னைப் போல வயல் இல்லாதவர்கள் பையைத் தொட வேண்டாம். விதை எடுத்துப் போகிறவர்கள் விளைவித்த அரிசி அறுவடைக்குப் பிறகு வரும், சொன்ன விலைக்கு வாங்குங்கள். பேரம் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும், முன்வரிசையிலேயே இருவர் இருக்கிறார்கள்!