ஊதியமும் ஒப்புரவும்

(அருப்புக்கோட்டையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பெருநிறுமங்களுக்குக் குமுகப் பொறுப்பு என ஒன்று உண்டா, அன்றி ஊதியம் ஒன்றே அவற்றின் குறியா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இலக்கணம் நடத்துபவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

'இலாபம்' என்பது வடசொல். அதற்கு நம் முன்னோர் வழங்கிய சொல் ஊதியம். வள்ளுவர் முதலையும் ஊதியத்தையும் இணைத்துப் பேசும்போது, வணிகத்தில் முதலுக்குமேல் வரும் மிகுதியையே குறிக்கிறார். இன்றோ அதே சொல்லை உழைப்பவன் பெறும் சம்பளத்திற்கு வழங்குகிறோம். கூலி என்னும் சொல் கூலத்தினின்று, அஃதாவது தவசத்தினின்று, பிறந்தது என்பார் மொழிஞாயிறு பாவாணர். களத்து மேட்டில் நெல்லையும் கம்பையும் அளந்து கொடுத்த காலத்துச் சொல் அது. ஆலை முதலாளியின் ஊதியமும் ஆலைத் தொழிலாளியின் ஊதியமும் ஒரே களத்தில் குவிந்த ஒரே பொலியினின்று பிரிக்கப்படுபவை. பொலியை அளப்பவன் யார், மரக்காலைப் பிடித்திருப்பவன் யார் என்பதே கேள்வி.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 2013ஆம் ஆண்டின் நிறுமச் சட்டம் தன் 135ஆம் பிரிவில் ஒரு கடமையை விதித்தது. 500 கோடி உருபா நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுவரவோ, 5 கோடி நிகர ஊதியமோ உடைய நிறுமம், முந்தைய மூன்றாண்டு ஊதியத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டைக் குமுகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளது. 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின், செலவிடாமல் வைத்திருந்தால் தண்டத்தொகையும் உண்டு. உலகில் இவ்வாறு அளவு குறித்துச் சட்டம் செய்த நாடுகள் மிகச் சில. இதை யான் இகழவில்லை. பள்ளிக்கு வகுப்பறையும் மருத்துவமனைக்குக் கட்டிலும் எவர் தந்தாலும் நன்றே. ஆயினும் அச்சட்டத்தையொட்டி எழுந்த விதிகளை ஊன்றிப் படியுங்கள். நிறுமத்தின் தொழிலாளர்க்கு மட்டும் பயன்படும் செலவு இக்கணக்கில் சேராது என்று அவை சொல்கின்றன. சட்டம் செய்தோர் அதற்குக் கூறும் கரணியம் எனக்குத் தெரியும். தன் ஆட்களுக்குச் செய்வதை ஊருக்குச் செய்ததாகக் காட்டக்கூடாது என்பது அவர் கருத்து. சரியே. ஆனால் விளைவைப் பாருங்கள். தறியோடும் கதிரோடும் மாரடிக்கும் பெண்ணுக்கு அவள் உழைப்பின் முழு விலையைக் கொடுப்பது 'குமுகப் பொறுப்பு' ஆகாது. எங்கோ ஓர் ஊரில் மரக்கன்று நட்டால் ஆகும்.

அதே சட்டத்தில் 166ஆம் பிரிவு என ஒன்று இருப்பதை எவரும் பேசுவதில்லை. இயக்குநர் என்போர் பங்குடையார்க்கு மட்டுமன்றித் தொழிலாளர்க்கும், குமுகத்திற்கும், சுற்றுச்சூழலைக் காப்பதற்கும் ஏற்ற வகையில் நல்லெண்ணத்துடன் நடக்கக் கடமைப்பட்டவர் என்று அது கூறுகிறது. எவ்வளவு சிறந்த பிரிவு! ஆனால் அதில் அளவும் இல்லை, எண்ணும் இல்லை. ஈகைக்கு அளவு குறித்த சட்டம், நடுவுநிலைக்கு அளவு குறிக்காமல் விட்டுவிட்டது.

அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் 1970 செப்டம்பர் 13ஆம் நாள் 'நியூயார்க்கு டைம்சு' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிறுமத்தின் ஒரே குமுகப் பொறுப்பு, விதிகளை மீறாமல், ஏமாற்றாமல், தன் ஊதியத்தைப் பெருக்குவதே என்றார். பிறர் பணத்தை எடுத்து அறம் செய்யும் மேலாளர், எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத வரிதண்டலாளர் ஆகிவிடுகிறார் என்பது அவர் வழக்கு. அவரைத் திட்டித் தீர்ப்பது எளிது. யானோ அவர் நேர்மையாகப் பேசினார் என்றே சொல்வேன். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1919இல், மிச்சிகன் மாநில உயர்மன்றம் போர்டு தானியங்கி நிறுமத்தின் வழக்கில் இதே கருத்தைத் தீர்ப்பாக எழுதிவிட்டது. வண்டியின் விலையைக் குறைத்து, இன்னும் பலர்க்கு வேலை தருவேன் என்று போர்டு சொன்னார். எங்கள் ஈவுத்தொகை எங்கே என்று பங்காளிகளான டாட்சு உடன்பிறப்பினர் வழக்குத் தொடுத்தனர். நிறுமம் முதன்மையாகப் பங்குடையாரின் ஊதியத்திற்காகவே நடத்தப்படுவது என்று மன்றம் கூறிற்று. (போர்டு மட்டும் தூய உள்ளத்தினர் என்று கருதிவிடாதீர்கள், தன்னோடு போட்டியிட முனைந்த பங்காளிகளின் கையில் பணம் சேராமல் தடுப்பதும் அவர் கணக்கில் இருந்தது.)

ஊதியம் ஒன்றே குறி என்போர்க்கு விடை சொல்ல நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. இங்கிருந்து விருதுநகர்ச் சாலையில் சென்றால் பாலவனத்தம். அவ்வூர்க் குறுநில மன்னர் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் என்பதை இங்குள்ள தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அவரே, 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரனார் பதிவு செய்த சுதேசிக் கப்பற் குழுமத்தின் தலைவராகவும் விளங்கினார் என்பதை எத்தனை பேர் அறிவீர்? தமிழுக்குச் சங்கம் கண்ட கை, கப்பலுக்கும் முதல் கண்டது. பத்து இலக்கம் உருபா முதல். 25 உருபாவாக 40,000 பங்குகள். எளியவனும் ஒரு பங்கு கொள்ளட்டும் என்பதற்காகவே பங்கின் விலை அவ்வளவு குறைவாக வைக்கப்பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே காலியா, இலாவோ என்னும் கப்பல்கள் ஓடின. நம்மவர்க்குக் கப்பலோட்டும் கலையைக் கற்பிப்பதும் அக்குழுமத்தின் நோக்கங்களுள் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. பொறுப்பு அங்கே ஊதியத்தில் வெட்டிக் கொடுத்த துண்டு அன்று. குழுமம் பிறந்ததே அதற்காகத்தான்.

எதிரில் நின்ற பிரித்தானிய இந்தியக் கப்பல் நிறுமம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, முடிவில் கட்டணமே இல்லாமல் ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது! ஊதியமே குறி என்கிறாரே பிரீட்மன், இந்நிறுமம் இழப்பை விரும்பி ஏற்றது ஏன்? கடல் முழுதும் தன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே, பெருநிறுமத்திற்கு ஊதியம்கூட இறுதிக் குறி அன்று, ஆளுமையே குறி. இலவயக் குடையைப் பெற்றவர் அன்று அதை ஈகை என்றே எண்ணியிருப்பார். 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் ஆர்வி குழுவினரின் கோரல் நூற்பாலைத் தொழிலாளர், அவர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுப்பும் பெற்றிருந்தனர். அவர் சிறையில் இருந்த காலத்திலேயே, 1911இல், குழுமம் கலைக்கப்பட்டது. பாண்டித்துரையாரும் அவ்வாண்டே மறைந்தார்.

இந்த வறண்ட மண்ணில் மற்றொரு வழக்கமும் இருந்தது. அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் கள்வர்க்கு அஞ்சாமல் இரவில் தங்கும் இடம். பேட்டைக்கு வந்த பொதிக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை தண்டினர். வீடுதோறும் பிடியரிசியும் எடுத்தனர். அப்பொதுப்பணம் பள்ளியாயிற்று. விருதுநகரில் காமராசர் கற்ற பள்ளி அவ்வாறு எழுந்ததே. (பணம் தமிழன் பிடியரிசி, பள்ளியின் பெயர் மட்டும் 'சத்திரிய வித்தியா சாலை'! அக்காலத்து மயக்கம் அது.)

மகமையின் நுட்பத்தை நோக்குங்கள். அது மூட்டைக்கு உரியது. ஊதியத்திற்கு உரியது அன்று. இழப்பு வந்த ஆண்டிலும் மூட்டை வந்தால் மகமை உண்டு. ஊரின் பங்கு முதலில் எடுக்கப்பட்டது. வணிகரின் பங்கு பின்னரே எண்ணப்பட்டது. இன்றைய சட்டமோ, எல்லாக் கழிவும் போக எஞ்சிய ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டு என்கிறது. அப்பழைய முறையைப் பொன்போல் போற்றுங்கள் என்று யான் சொல்லவில்லை. அதற்குக் குல எல்லை இருந்தது. தமிழர் என்னும் எல்லை இருக்கவில்லை. கோயிலில் நுழையவும் தடுக்கப்பட்டு, பக்கத்துக் கமுதியில் அதற்காக வழக்காடித் தோற்ற ஒரு மக்கள், தம்மைத் தாமே காத்துக்கொள்ள எழுப்பிய அரண் அது. குலத்தளவில் நின்ற அம்முறையை இனத்தளவில் விரிக்க நம்மால் ஏன் இயலவில்லை என்பதை நம் இயக்கத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வள்ளுவரைத் தொடாமல் ஒரு தமிழாசிரியன் உரை முடியாது என்று நகைப்பீர்கள். ஒரு செய்தி மட்டும். வாணிகம் செய்வோர்க்கு உரிய அறத்தை வள்ளுவர் எங்கே வைத்தார்? 23ஆம் அதிகாரமாகிய ஈகையில் வைக்கவில்லை. ஊருணியையும் பழமரத்தையும் காட்டும் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதலிலும் வைக்கவில்லை. 12ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமையின் கடைசிக் குறளில் வைத்தார். பட்டினப்பாலையும் புகார் வணிகரைப் புகழும்போது, அவர் வாரி வழங்கினார் என்று புகழவில்லை. கொள்வதில் மிகுதி கொள்ளார், கொடுப்பதில் குறைக்கார் என்றே புகழ்கிறது. வணிகனிடம் தமிழன் முதலில் கேட்டது நேரான துலாக்கோல். பின்னர்த்தான் ஊருணி.

இப்போது நம் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். குண்டாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் திருச்சுழி வட்டாரத்தில், கண்மாய் பெருகாத ஆண்டில் என்ன நடக்கிறது? சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறோம். பெண்பிள்ளைகளை நூற்பாலைகளுக்கு அனுப்புகிறோம். இத்தகைய தென்பகுதிச் சிற்றூர்களிலிருந்து கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகளுக்குப் பெண்களை அழைத்துச் சென்ற முறைக்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர். பெயரும் வடசொல், நோக்கமும் வஞ்சகம். மூன்றாண்டு ஆலை விடுதியில் அடைந்து கிடந்து உழைத்தால் இறுதியில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை. இடையில் நோயுற்றோ மனம் ஒடிந்தோ திரும்பினால் பலர்க்கு அதுவும் இல்லை. 2011இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் இதை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. அந்நூலில் நெய்த துணியை வாங்கிய மேலைநாட்டு நிறுமங்கள் அதற்கு முன்பும் ஒழுக்க விதிகளை அச்சிட்டே வைத்திருந்தன. இன்று அப்பெயரைச் சொல்வோர் இல்லை; விடுதியில் வைத்து வேலை வாங்கும் வழக்கம் முற்றும் ஒழிந்ததா என்பதை உங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம், கற்பனைக் கணக்குத்தான். ஓர் ஆலையில் 300 பெண்கள். ஒருத்திக்கு நாளொன்றுக்கு 50 உருபா குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆண்டில் 300 வேலைநாள். 45 இலக்கம் உருபா மிச்சம். அம்மிச்சம் ஊதியமாகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு 90,000 உருபா. அத்தொகை பெயர்ப்பலகையோடும் ஒளிப்படத்தோடும் குமுகத்திற்குத் திரும்புகிறது. அதுவும் எந்தக் குமுகத்திற்கு? தொழிலகம் இருக்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தருக என்கிறது சட்டம். ஆலை இருப்பது அங்கே. உழைத்தவள் பிறந்தது இங்கே. 2018இல் ஒன்றிய அரசு வளர்ச்சியில் பின்தங்கியவையாகப் பொறுக்கிய மாவட்டங்களில் தமிழ்நாட்டுக்கு உரியவை இரண்டு, விருதுநகரும் இராமநாதபுரமும். கையை அனுப்பும் ஊருக்கு வட்டாரம் என்ற பெயரும் இல்லாமல் போயிற்று.

பெரிய எடுத்துக்காட்டுகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இருந்த வெப்பமானித் தொழிலகம் 1983இல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. பின்னர் இந்துசுத்தான் யூனிலீவரின் உடைமையாயிற்று. பாதரசம் எனப்படும் இதள் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக்கடையில் கிடந்தது வெளிப்பட்டு 2001இல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்க்கு உடன்பாடு கிடைத்தது 2016இல். பதினைந்து ஆண்டு! உலகெங்கும் பொறுப்புக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட நிறுமம் அது. தூத்துக்குடி இசுடெர்லைட்டு ஆலைக்கு உச்சநயன்மன்றம் 100 கோடி உருபா இழப்பீடு விதித்து, ஆலையை மட்டும் ஓடவிட்டது 2013 ஏப்பிரலில். குமுகப் பொறுப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். 2018 மே திங்களில் எதிர்த்து நின்ற மக்கள்மேல் காவல்துறை சுட்டதில் 13 பேர் மாண்டனர். அதன் பின்னரே ஆலை மூடப்பட்டது. நிறுமத்தின் மேல்முறையீட்டை உச்சநயன்மன்றம் தள்ளியது 2024 பிப்பிரவரியில். சிதம்பரனார் கப்பல் விட்ட அதே துறைமுக ஊர்.

நல்ல முதலாளி ஒருவரும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, யானே அறிவேன். ஆனால் நல்லவரின் உள்ளத்தை நம்பி ஒரு நாட்டின் கூலியையும் காற்றையும் தண்ணீரையும் விட்டுவைக்க இயலாது. அவர் மகன் பங்கை விற்றுவிட்டால் என் செய்வது? நிறுமத்தில் பங்குக்கு வாக்கு. கூட்டுறவில் ஆளுக்கு வாக்கு. அருப்புக்கோட்டைத் தறிகாரர்க்குக் கூட்டுறவு புதிதன்று. கோ-ஆப்டெக்சு 1935இல் பிறந்தது. அதன் குறைகளையும் அறிவீர்கள். குறையுடைய கூட்டுறவைத் திருத்த உறுப்பினருக்குக் கையிருக்கிறது. நிறுமத்தைத் திருத்தத் தொழிலாளிக்குச் சங்கம் ஒன்றே வழி.

அடுத்த திங்கள் நம் வட்டாரப் பள்ளி ஒன்றில் ஒரு நூற்பாலை நிறுமம் குடிநீர்ப்பொறி அமைக்கப் போவதாகவும், விழாவில் நம்மவர் சிலரை வாழ்த்திப் பேச அழைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். போங்கள். பொறியைப் பெற்றுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் குடிக்கட்டும். பலகையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். பேசும் முறை வரும்போது, அவ்வூரிலிருந்து அவ்வாலைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர், அவர்க்கு நாள்கூலி எவ்வளவு, வருங்கால வைப்புப் பணம் கட்டப்படுகிறதா, விடுதி வாயிற்கதவு எந்நேரம் திறந்திருக்கும் என்று மேடையிலேயே கேளுங்கள். விடை வரும்வரை வாழ்த்துரையைக் கையில் வைத்திருங்கள்.