உங்க ரோல் 'இம்பாக்ட்' ஆகிடுச்சு!

போன வருஷம் ஒரு நாள் காலையில ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒரு மெயில். "ரைட்சைஸிங் காரணமா உங்க ரோல் இம்பாக்ட் ஆகியிருக்கு"ன்னு ஆங்கிலத்துல இருந்தது. இரண்டு தடவை படிச்சேன். அம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஒண்ணுதான் கேட்டாங்க: "ஏன்டா, அப்போ உனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

இல்லை.

சினர்ஜி, இன்சென்டிவைஸ் மாதிரி வார்த்தைகளைக் கேட்டா காது கூசுதுன்னு ஆங்கிலம் நல்லா தெரிஞ்சவங்களே திட்டுவாங்க. எனக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. 1944-ல் அமெரிக்க அரசு அதிகாரி மோரி மாவரிக் தன் ஊழியர்களுக்கு ஒரு மெமோ அனுப்பினார். சுருக்கமா, புரியுற மாதிரி எழுதுங்கன்னு. புரியாத ஆபீஸ் பாஷைக்கு அவர் வச்ச பேர் 'காபுள்டிகூக்'. வான்கோழி கத்துற சத்தத்துல இருந்து எடுத்தது. அதுவும் கேட்க நாராசம்தான். ஆனா அது எதையும் மறைக்கலை.

'டவுன்சைஸ்' அப்படி இல்லை. 1970-களில் அமெரிக்காவில் கார்களைச் சின்னதாக்குறதுக்குச் சொன்ன வார்த்தை அது. அடுத்த பத்து வருஷத்துல ஆட்களைக் குறைக்கறதுக்கு வந்துடுச்சு. அந்தப் பேரும் கெட்டதும் 'ரைட்சைஸ்' வந்தது. அதாவது, நான் போனாதான் கம்பெனி சரியான சைஸ்!

சரி, என் ரோலை இம்பாக்ட் பண்ணினது யாரு? அந்த வாக்கியத்துல ஆளே இல்லை. மழை பெஞ்ச மாதிரி அதுவா நடந்திருக்கு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-லேயே ஒரு கட்டுரையில இதைப் பத்தி எழுதினார். கிராமங்கள் மேல குண்டு போடுறதுக்கு 'பேசிஃபிகேஷன்', அதாவது அமைதிப்படுத்துதல்னு பேர் வைக்கிறாங்கன்னு சுட்டிக்காட்டினார். வார்த்தை அழகாத்தான் இருக்கு. அதுதான் ஆபத்து.

இப்போ வேற இடத்துல வேலை பார்க்கிறேன். போன மாசம் ஒரு டிசைனரோட ஒப்பந்தத்தை முடிக்க வேண்டிய நிலைமை. "உங்க என்கேஜ்மென்ட் சன்செட் ஆகுது"ன்னு டைப் பண்ணிட்டேன். நானேதான்! அழிச்சிட்டு, "இந்த மாசத்தோட உங்க வேலையை நிறுத்துறேன். முடிவு என்னோடது"ன்னு எழுதினேன். அனுப்ப அரை மணி நேரம் ஆச்சு.

அவர் உடனே போன் பண்ணி நல்லா திட்டினார். திட்டட்டும். யாரைத் திட்டணும்னாவது அவருக்குத் தெரிஞ்சிருந்தது.